காற்றுக்கு இடம் விட்டு

கீல்டர் காட்டின் திட்ட வரைபடத்தை முதன்முதலாகப் பார்ப்பவர்கள் அதில் மரத்தைத் தேடுவார்கள். அங்கே ஆண்டுகள்தான் இருக்கும். மலைச்சரிவுகளைத் திட்டுத் திட்டாகப் பிரித்து, ஒவ்வொரு திட்டுக்கும் ஒரு வண்ணம் கொடுத்திருப்பார்கள். ஒவ்வொரு வண்ணமும் ஓர் ஐந்தாண்டு. இப்போது வெட்டுவது, அடுத்த ஐந்தாண்டில் வெட்டுவது, இருபது வருஷம் கழித்து வெட்டுவது, வெட்டாமலே விட்டுவிடுவது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தால் ஒன்று பிடிபடும். ஒரே வண்ணம் அக்கம்பக்கத்தில் வந்துவிடக் கூடாது என்று யாரோ மெனக்கெட்டிருக்கிறார்கள். திட்ட அறிக்கையின் மற்றப் பக்கங்களெல்லாம் பெரும்பாலும் அந்த ஒன்றைச் சாதிப்பதற்காகத்தான்.

*

இங்கிலாந்தின் வடகோடி. ஸ்காட்லாந்து எல்லையை ஒட்டிய நார்தம்பர்லாண்ட் மேட்டுநிலம். சுமார் 60,000 ஹெக்டேர். மனிதர் கையால் உண்டான காடுகளில் இங்கிலாந்திலேயே பெரியது இதுதான். முக்கால் பங்கு சிட்கா ஸ்ப்ரூஸ். மீதியில் நார்வே ஸ்ப்ரூஸ், லாட்ஜ்போல் பைன், கொஞ்சம் ஸ்காட்ஸ் பைன், ஓடைக்கரைகளில் பிர்ச்சும் வில்லோவும். நூறு வருஷத்துக்கு முன் இங்கே ஆடு மேய்ந்த புல்லும் ஹெதர் புதரும் சதுப்பும்தான் இருந்தன.

சிட்கா இந்த மண்ணுக்கு அந்நியன். அலாஸ்காவிலிருந்து வட கலிஃபோர்னியா வரையான பசிபிக் கரையின் மரம். டேவிட் டக்ளஸ் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1831-ல் அதை பிரிட்டனுக்கு அறிமுகப்படுத்தினார். கொப்பைக் கையில் பிடித்தால் குத்தும். ஊசி ஒவ்வொன்றும் விறைத்து, நுனி கூர்ந்து, அடிப்பக்கம் நீலம் கலந்த வெளுப்போடு இருக்கும். ஆனால் குளிர், ஓயாத ஈரம், மட்டமான மண் ஆகிய மூன்றையும் சகித்துக்கொண்டு, ஹெக்டேருக்கு ஆண்டொன்றுக்கு 12, 14 கன மீட்டர் கட்டை தருகிற மரம் இந்த மேட்டில் வேறு கிடையாது. அழகாக இல்லை என்று திட்டுகிறவர்களும் இந்த ஒரு கணக்கின் முன்னால் குரலைத் தாழ்த்திக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன்.

நீலகிரியிலும் பழனி மலையிலும் புல்வெளிமேல் சீகை, யூகலிப்டஸ், பைன் என்று நட்ட கதை நமக்குத் தெரியும். அங்கே மூடிப்போனது சோலையோடு சேர்ந்த பழைய புல்வெளி. இங்கே மூடிப்போனது பெரும்பாலும் காட்டை அழித்து, ஆடு மேய்த்து உண்டான வெளி. இரண்டையும் ஒரே தராசில் வைக்க மாட்டேன். எனினும், வெற்றுமேடு என்று ஓர் அதிகாரி நினைக்கும் இடம் எப்போதும் வெற்றாக இருந்ததில்லை என்பது இரண்டு மலைக்கும் பொது.

*

முதல் உலகப் போரில், மரம் ஏற்றிவந்த கப்பல்களை ஜெர்மன் நீர்மூழ்கிகள் மூழ்கடித்தன. நிலக்கரிச் சுரங்கத்தின் கூரையைத் தாங்க முட்டுமரம் வேண்டும். முட்டுமரம் இல்லாவிட்டால் நிலக்கரி இல்லை. நிலக்கரி இல்லாவிட்டால் ரயிலும் இல்லை, போர்க்கப்பலும் இல்லை. அப்போது பிரிட்டனின் நிலப்பரப்பில் காடு வெறும் 5 சதவீதம் அளவுக்குச் சுருங்கியிருந்தது. பயந்துபோன அரசு 1919-ல் ஃபாரஸ்ட்ரி கமிஷனை உண்டாக்கியது. 1926-ல் கீல்டர் பகுதியில் நடவு தொடங்கியது. 1930-களில் வேலையில்லாமல் இருந்த ஆட்களை இங்கே முகாம் போட்டுத் தங்கவைத்து, வடிகால் வெட்டவும் பாதை போடவும் வைத்தார்கள். கமிஷனை இருபது வருஷம் தலைமை தாங்கி நடத்திய ராய் ராபின்சன், ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தவர், பிரபுப் பட்டம் கிடைத்தபோது கீல்டர் காட்டின் பெயரையும் அடிலெய்டின் பெயரையும் சேர்த்தே எடுத்துக்கொண்டார். அவ்வளவு நம்பிக்கை அவருக்கு இந்த நடவின்மேல்.

அந்த மரங்கள் விளைந்து கைக்கு வந்தபோது கேட்ட ஆளே போய்விட்டான். சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடின. நார்தம்பர்லாண்டின் கடைசி ஆழ்சுரங்கமான எலிங்டன் 2005-ல் மூடப்பட்டது. கீல்டரின் கட்டை இப்போது வீட்டுச் சட்டத்துக்கும் வேலிக்கும் பேலட்டுக்கும் சிப்போர்டுக்கும் போகிறது. ஆண்டுக்கு ஏறத்தாழ 4,75,000 கன மீட்டர். பிரிட்டன் தனக்கு வேண்டிய மரத்தில் ஐந்தில் நான்கு பங்கை இன்றும் வெளியிலிருந்துதான் வாங்குகிறது. ஆக, நட்டது வீணாகவில்லை. நட்டதற்குச் சொன்ன காரணம்தான் வீணாயிற்று.

காட்டின் நடுவே இருக்கும் ஏரிக்கும் இதே ஜாதகம். டீஸ் ஆற்றங்கரையின் எஃகு ஆலைகளும் ரசாயன ஆலைகளும் பெருகிக்கொண்டே போகும், தண்ணீர் போதாது என்று கணக்குப் போட்டு, ஒரு பள்ளத்தாக்கையே மூழ்கடித்து, 20,000 கோடி லிட்டர் கொள்ளும் கீல்டர் நீர்த்தேக்கத்தைக் கட்டினார்கள். 1982-ல் ராணி எலிசபெத் திறந்துவைத்தார். அதற்குள் ஆலைகள் சுருங்கத் தொடங்கிவிட்டன. வெள்ளை யானை என்று பத்திரிகைகள் எழுதின. இன்று தெற்கே தோட்டக் குழாய்க்குத் தடை போடும் கோடைகளில், வடகிழக்கு நிம்மதியாக இருப்பது அந்த யானையால்தான்.

நீண்டகாலத் திட்டம் என்ற சொற்றொடரைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு இந்த இரண்டும் நினைவுக்கு வரும். ஐம்பது வருஷத்துக்குப் பிறகு யாருக்கு என்ன வேண்டியிருக்கும் என்பதை யாரும் சரியாகச் சொன்னதில்லை. சொல்லியிருக்க வேண்டும் என்றும் நான் நினைக்கவில்லை. பின்னால் வருகிறவன் மனம் மாற்றிக்கொள்ள எவ்வளவு இடம் விட்டார்கள் என்பதை வைத்துத்தான் ஒரு காட்டுத் திட்டத்தை மதிப்பிட வேண்டும்.

*

முதல் தலைமுறை அந்த இடத்தை விடவில்லை. சில பத்தாண்டுகளுக்குள் மலை மலையாக நட்டுத் தள்ளினார்கள். எல்லாம் ஒரே இனம், கிட்டத்தட்ட ஒரே வயது. அப்படியானால் எல்லாம் ஒரே சமயத்தில் வெட்டுக்கு வரும். ஒரே சமயத்தில் வெட்டினால் மறுபடியும் எல்லாம் ஒரே வயது. 1980-களில் இதை உடைக்கத் தொடங்கினார்கள். உடைப்பதற்கு ஒரே வழிதான் உண்டு: சில கூப்புகளை, அதாவது ஒரே தடவையில் வெட்டும் திட்டுகளை, விளையும் முன்பே வெட்ட வேண்டும், சிலவற்றை விளைந்த பிறகும் விட்டுவைக்க வேண்டும். இரண்டிலும் பணம் போகும். ஒரு கூப்பை வெட்டி நட்டபின், அந்த நாற்றுகள் குறைந்தது 2 மீட்டர் உயரம் வரும்வரை பக்கத்துக் கூப்பில் கை வைப்பதில்லை என்பது இங்குள்ள பொது விதி. இந்தக் குளிரில் 2 மீட்டர் வளரப் பத்து வருஷம்கூட ஆகலாம். வரைபடத்தின் வண்ண விளையாட்டு இந்தப் பொறுமையிலிருந்து வந்தது.

*

காற்றைப் பற்றிச் சொல்லாமல் இந்த மலையைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது.

விழுந்து கிடக்கும் சிட்கா ஒன்றின் வேரடியில் போய் நின்று பாருங்கள். மரம் ஒடிந்திருக்காது, வேரோடு புரண்டிருக்கும். வேர்த்தட்டு, தோசைக்கல்லை நிமிர்த்தி வைத்ததுபோல், ஆளுயரத்துக்கு மேல் செங்குத்தாக நிற்கும். கனம் அரை மீட்டர்கூட இருக்காது. மேல்பக்கம் பீட் என்ற கறுத்த மக்கு மண், பாசி, பழுப்பு ஊசிகள். கீழ்ப்பக்கம் சாம்பல் நிறக் களிமண், பலகையில் பூசியதுபோல் ஒட்டிக்கொண்டிருக்கும். வேர்கள் எல்லாம் பக்கவாட்டிலேயே ஓடியிருக்கும். கீழே தண்ணீர் கட்டி, மூச்சுவிட இடமில்லாத களிமண்ணுக்குள் ஒன்றுகூட இறங்கியிருக்காது. மரம் பெயர்ந்த குழியில் தேநீர் நிறத்தில் தண்ணீர் ஊறிக்கிடக்கும். இந்த மரத்தை அறுக்கிறவர்களுக்கு ஒரு பயம் உண்டு. தண்டை வெட்டிவிட்ட நொடியில் தட்டு எடை தாளாமல் பழையபடி குழிக்குள் சாய்ந்துவிடும். அதனடியில் ஆள் நிற்கக் கூடாது.

ஆகவே இங்கே ஒரு மரத்தின் ஆயுளை வயது தீர்மானிப்பதில்லை, உயரம் தீர்மானிக்கிறது. வேர் அரை மீட்டரில் நின்றுவிட, உச்சி இருபது மீட்டரைத் தாண்டும்போது நெம்புகோல் நீண்டுகொண்டே போகிறது. எந்தச் சரிவில், எந்த மண்ணில், எந்த உயரத்தில் விழும் என்று கணக்கிட 1985-ல் ஆறு வகுப்புகளாகப் பிரித்த ஓர் அட்டவணை வந்தது. பிறகு ஃபாரஸ்ட்கேல்ஸ் என்ற கணினி மாதிரி வந்தது. காட்டுக்காரர்கள் இரண்டையும் பார்த்துவிட்டு, சதுப்புச் சரிவுகளில் நாற்பது, ஐம்பது வயதில் ஒட்ட வெட்டிவிடுகிறார்கள். நடுவில் கலைத்துவிடுவதும் கிடையாது. கலைத்தால் மரங்களுக்கிடையே இடைவெளி விழும், காற்று உள்ளே புகுந்துவிடும். எப்போதும் மரப்போர்வை இருக்கும்படி பொறுக்கிப் பொறுக்கி வெட்டும் முறை கேட்க இனிக்கிறது. அதை இங்கே எல்லா இடத்திலும் செய்யச் சொல்லுகிறவர்கள் ஜனவரியில் ஒரு நாள் மேட்டுக்கு வர வேண்டும். ஒதுக்கமான, வடிகால் நல்ல பள்ளங்களில் அது முடியும். அங்கேயும் மரம் சின்னதாக இருக்கும்போதே கலைக்கத் தொடங்கியிருந்தால்தான்.

எனக்கு இந்தத் தொழிலில் மிகவும் பிடித்த வேலை ஓரம் வளர்ப்பது. காட்டின் விளிம்பில் சின்ன வயதிலிருந்தே காற்று வாங்கி வளர்ந்த மரம் தரைவரை பச்சைக் கிளையோடு, அடி பருத்து, வேரை அகலப் பரப்பி நிற்கும். உள்ளே வளர்ந்த மரம் ஒல்லி, உச்சியில் மட்டும்தான் பச்சை. நடுக்காட்டில் ஒரு கூப்பை வெட்டினால், இதுவரை உள்ளே இருந்த ஒல்லிகள் திடீரென்று முன்வரிசைக்கு வந்துவிடும். அடுத்த குளிர்காலத்தில் அவை நிற்காது. இதற்கு என்ன செய்வார்கள் என்றால், மரங்கள் இளசாக இருக்கும்போதே, முப்பது வருஷம் கழித்து எங்கே வெட்டு நிற்க வேண்டும் என்று தீர்மானித்து, அந்தக் கோட்டில் ஒரு பட்டையைத் திறந்துவிடுவார்கள். இரு பக்கமும் மரங்கள் விளிம்பாகவே வளரும். வெட்டு வரும் நாளில் மறுபக்கம் பழகிப்போய் நிற்கும். அந்தப் பட்டையைத் திறந்தவர் அதற்குள் ஓய்வுபெற்றிருப்பார். கோடையில் அந்தப் பட்டைகளில் நடப்பது சுகம். மிட்ஜ் பூச்சிகள் மட்டும் கடிக்காமல் இருந்தால்.

*

பல இனம் நடு, கலந்து நடு என்று எல்லோரும் சொல்கிறார்கள். நியாயம்தான். பிரிட்டனின் வனத் தரநிலை முன்பு ஒரே இனம் 75 சதவீதம் வரை இருக்கலாம் என்றது. 2023-ல் வந்த புதிய பதிப்பு அதை 65 ஆகக் குறைத்துவிட்டது. ஸ்ப்ரூஸைத் தின்று தீர்க்கும் எட்டுப்பல் பட்டை வண்டை 2018-ல் கென்ட்டில் கண்டுபிடித்தார்கள். அது தெற்கே வெகுதூரம். ஆனால் ஐரோப்பாவில் அது மொட்டையடித்த மலைகளின் படத்தைப் பார்த்தவர் முக்கால் பங்கு ஸ்ப்ரூஸ் காட்டில் நிம்மதியாகத் தூங்க முடியாது.

ஆனால் என்ன மரம் நடுவது? ஓக்கும் பீச்சும் ஹேசலும் நடலாமே என்று வாய்க்கு வரும். இங்கேதான் அணில் குறுக்கே வருகிறது. இங்கிலாந்தில் மிஞ்சியிருக்கும் சிவப்பு அணில்களில் சுமார் பாதி கீல்டரில் வாழ்கின்றன. 1876-ல் வட அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்து விட்ட சாம்பல் அணில் மற்றப் பெரும்பாலான இடங்களில் அதை விரட்டிவிட்டது. சாம்பல் அணில் சுமந்துவரும் அம்மை நோய் சிவப்பு அணிலைக் கொன்றும் விடுகிறது. பெரிய விதை உள்ள அகலிலைக் காட்டில் சாம்பல் அணில் கொழுக்கும். கூம்புக்குள் இருக்கும் பொடி விதையைக் கொறித்துக் காலம் தள்ளச் சிவப்பு அணிலால்தான் முடியும். யாரும் விரும்பாத இந்த ஊசியிலைக் காடு அதற்கு அடைக்கலமாகிவிட்டது. அதிலும் சிட்கா சில வருஷம் காய்க்கும், சில வருஷம் ஏமாற்றும். நார்வே ஸ்ப்ரூஸும் ஸ்காட்ஸ் பைனும் பக்கத்தில் இருந்தால்தான் பஞ்சம் தாண்டும். எனவே திட்டம் எழுதுகிறவர் ஓக்கைத் தள்ளிவைத்து, வயதான கூம்பு மரங்கள் அணில் தாவும் தூரத்தில் எப்போதும் இருக்கும்படி வெட்டு வரிசையை அமைக்கிறார். அகலிலை வேண்டுமென்றால் பிர்ச், ரோவன், வில்லோ. சிறு விதை மரங்கள்.

சதுப்பில் இன்னொரு கணக்கு. பீட் படிவு 50 செ.மீ.க்கு மேல் ஆழமாக இருந்தால் புதிதாக மரம் நடக் கூடாது என்கிறது பிரிட்டனின் வனத் தரநிலை. வடிகால் வெட்டி மரம் நட்டால் பீட் காய்ந்து, ஆயிரக்கணக்கான வருஷமாகச் சேர்த்துவைத்த கரியைக் காற்றில் விட்டுவிடும். முன்பு நட்ட எல்லைச் சதுப்புகள் பலவற்றில் மரங்களை வெட்டி எடுத்துவிட்டு, பழைய வடிகால்களை அடைத்துத் தண்ணீரை மீண்டும் நிற்கவைத்திருக்கிறார்கள். அரசுச் சம்பளத்தில் ஒரு தலைமுறை வெட்டிய வாய்க்காலை அரசுச் சம்பளத்திலேயே இன்னொரு தலைமுறை அடைக்கிறது. இதில் எனக்கு வருத்தமில்லை. அடைக்க முடிகிற தவறாக இருந்ததே என்றுதான் தோன்றுகிறது.

*

வெட்டிய கூப்பில் உடனே நடுவதும் எளிதல்ல. புது அடிக்கட்டைகளின் வாசனைக்குப் பைன் கூன்வண்டு வந்து முட்டையிடும். அதிலிருந்து வெளிவரும் அடுத்த தலைமுறை, புதிதாக நட்ட நாற்றின் அடிப்பட்டையைச் சுற்றிக் கடித்துவிடும். பென்சில் கனத்துத் தண்டில் முழுவட்டமாகப் பட்டை போயிருக்கும். மேலே ஊசி இன்னும் பச்சையாகத்தான் இருக்கும். நாற்று செத்தது சில வாரம் கழித்துத்தான் தெரியும். மருந்து தோய்த்து நடலாம். அல்லது நான்கைந்து வருஷம் நிலத்தைச் சும்மா போட்டுவைத்து, வண்டு தானாக ஓயட்டும் என்று காத்திருக்கலாம்.

காத்திருப்பதை யாரும் சாதனைக் கணக்கில் எழுதுவதில்லை. நட்ட நாற்றுகளின் எண்ணிக்கையைத்தான் எழுதுவார்கள்.

*

2021 நவம்பர் 26 இரவு ஆர்வென் புயல் வந்தது. நார்தம்பர்லாண்டின் பிரிஸ்லி வுட்டில் மணிக்கு 158 கி.மீ. வீசியது. வேகத்தைவிடத் திசைதான் கொடுமை. இங்கே காற்று வழக்கமாகத் தென்மேற்கிலிருந்து வரும். மரங்கள் அந்தப் பக்கத்துக்கு முட்டுக்கொடுத்து வேர் விட்டிருந்தன. காட்டுக்காரர்களும் அந்தத் திசையை வைத்துத்தான் விளிம்புகளை வளர்த்திருந்தார்கள். ஆர்வென் வடக்கிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வந்து முதுகில் அடித்தது. கீல்டரில் மட்டும் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மரங்கள் விழுந்தன. வண்ணம் தீட்டிய வரைபடத்தில் 2030, 2040 என்று எழுதியிருந்த திட்டுகள் ஒரே இரவில் 2021 ஆகிவிட்டன.

விழுந்த கட்டையைப் பூஞ்சை பிடிப்பதற்குள் எடுத்தாக வேண்டும். அதில் தயங்க இடமில்லை. கேள்வி அதற்குப் பின்னால் வருகிறது. காலியான சரிவு கண்ணை உறுத்தும். நிலத்தைச் சும்மா வைத்திருக்கிறார்கள் என்று கேள்வி எழும். நாற்றங்காலில் கன்றுகள் தயாராக இருக்கும். கரியமிலக் கணக்கு சீக்கிரம் நடு என்று சொல்லும். ஹெக்டேருக்கு 2,500 நாற்று வீதம் நான்கைந்து வருஷத்தில் எல்லாவற்றையும் நட்டு மூடிவிடத் தோன்றும். அப்படி நட்டால், நாற்பது வருஷமாகப் பாடுபட்டு உடைத்த ஒரே வயதுக் காட்டைப் புயல் சொன்னபடியே திரும்பக் கட்டியதாக ஆகும். 2065 வாக்கில் அத்தனை மரமும் ஒன்றாக ஆபத்தான உயரத்தை எட்டும்.

என் தீர்ப்பு இது. புயல் திறந்த இடங்களில் மூன்றில் ஒரு பங்கை இப்போது நட வேண்டும். இன்னொரு பங்கைப் பத்து வருஷம் கழித்து நட வேண்டும். கடைசிப் பங்கைத் தானாக விதை விழுந்து முளைக்கும் சிட்காவுக்கும் பிர்ச்சுக்கும் விட்டுவிட்டு, 2040-களில் போய்ப் பார்த்து முடிவெடுக்க வேண்டும். இடையில் சில பட்டைகளை வடகிழக்குக் காற்றையும் மனத்தில் வைத்து மொட்டையாகவே விட வேண்டும். வருமானம் குறையும், புல் மண்டும், மான் கடிக்கும். இவ்வளவையும் தெரிந்தே சொல்கிறேன்: அந்த நஷ்டத்தைத் திட்டத்தில் செலவாக இப்போதே எழுதிவிடுவதுதான் மலிவு.